எட்டாவது பொத்தான்

ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு

அன்பு மகள் சின்னுவுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் அப்பா, மானேஜர் மூன்று பேரும் நலமாக இருக்கிறோம், அதில் மானேஜரின் நலத்துக்கு மட்டும் ரத்தப் பரிசோதனைச் சீட்டு கையில் இருக்கிறது, மற்ற இரண்டு பேருடைய நலத்தை நீ நம்பித்தான் ஆக வேண்டும். நீ அங்கே நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, குளிருக்குத் தடித்த காலுறை போட்டுக்கொள்கிறாயா, அந்த அறைத்தோழி இன்னும் உன் பாத்திரத்தில் சமைத்துவிட்டுக் கழுவாமல் வைக்கிறாளா என்று கேட்க நினைத்தேன், ஆனால் இதையெல்லாம் நேற்றே போனில் கேட்டுவிட்டேன். தினமும் முகம் பார்த்துப் பேசுகிறவள் எதற்காகக் காகிதத்தில் எழுதுகிறாள் என்று உனக்குத் தோன்றும். போனில் உன்னிடம் ஒரு பொய் சொன்னேன், ஒரு தடவை இல்லை, திரும்பத் திரும்பச் சொன்னேன். அதைப் போனிலேயே மாற்றிச் சொல்லிவிடலாம் என்று நாலைந்து தடவை வாயெடுத்தேன், உன் முகம் திரையில் வந்ததும் வாய் தன் பாட்டுக்குச் சாப்பிட்டாயா என்று கேட்டுவிடுகிறது. காகிதம் என்றால் குறுக்கே பேசாது. இது கூரியரில் ஐந்து நாளில் வந்துவிடும் என்கிறார்கள், நீ அந்த இரண்டு வருட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட இன்னும் பதினோரு நாள் இருக்கிறது, ஆகவே நேரம் இருக்கிறது. போட்டால் வேலை நிரந்தரம், போடாவிட்டால் ஊருக்குத் திரும்பலாம் என்ற நிலைமையில், "மானேஜரே எனக்காகச் சாப்பிடாம கெடந்துச்சுன்னா நான் இங்க யாருக்காகம்மா இருக்கேன், நான் கையெழுத்து போடல, வந்துடறேன்" என்று நீ சொன்னாய் இல்லையா, அதற்குப் பதில் இது. மானேஜர் உனக்காக ஏங்கவில்லை. அதற்கு வந்தது உண்ணிக் காய்ச்சல்.

இப்போது முதலிலிருந்து சொல்கிறேன், பொறுமையாகப் படி, நடுவில் போனை எடுக்காதே. உன்னை வழியனுப்ப விமான நிலையத்துக்கு எட்டு மணி நேர ரயில் பயணம் என்பதால் மானேஜரை இரண்டு நாள் நாய்க் காப்பகத்தில் விட்டோம் என்பது உனக்குத் தெரியும். சுவர் முழுக்கச் சிரிக்கிற நாய்களின் படம், வாசலில் மணக்கிற சோப்புத் தண்ணீர், உள்ளே பதினெட்டு நாய்கள், நம்முடையது பத்தொன்பதாவது. வேலை செய்கிறவர்களைச் சும்மா உட்கார்ந்து பார்ப்பதால் நீதானே அதற்கு மானேஜர் என்று பெயர் வைத்தாய், அங்கேயும் போனவுடன் நாற்காலிக்கு அடியில் உட்கார்ந்து பெருக்குகிறவரை மேற்பார்வை பார்க்கத் தொடங்கிவிட்டது. விமான நிலையத்தில் நான் அழவில்லை. உன் அத்தை இன்றைக்கும் அதை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள், "அண்ணி கல்லு மாதிரி நின்னாங்க" என்று, அது பாராட்டா திட்டா என்று எனக்கு இதுவரை விளங்கவில்லை. உன்னைப் போ போ என்று தள்ளிவிட்டவளே நான்தான், உன் பெட்டியைக் கட்டியவளும் நான்தான், அதற்குப் பிறகு அங்கே நின்று அழுதால் நன்றாகவா இருக்கும். திரும்பி வந்து மானேஜரைக் கூட்டிக்கொண்டோம். அது வாலை ஆட்டிய வேகத்தைப் பார்த்து, பரவாயில்லை, நன்றாகத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன். அது தனியாக வரவில்லை, கூடவே ஒரு கூட்டத்தையும் கூட்டிக்கொண்டு வந்தது என்பது பிறகுதான் தெரிந்தது.

நீ போன பன்னிரண்டாம் நாள் காலையில் அது பாதிச் சாப்பாட்டை மிச்சம் வைத்தது. தட்டை நக்கி நக்கித் தள்ளிக்கொண்டே சமையலறையிலிருந்து கூடம் வரை வந்துவிடுகிற நாய், பாதியில் எழுந்து போய் உன் அறை வாசலில் படுத்துக்கொண்டது. உன் அப்பா தேநீர்த் தம்ளரோடு நின்று பார்த்துவிட்டு, "பாப்பாவ தேடுது" என்றார். அவ்வளவுதான், நோய் இன்னதென்று அந்த நிமிடமே முடிவாகிவிட்டது. அதற்குப் பிறகு மானேஜர் எதைச் செய்தாலும் உனக்காகத்தான். நடக்கச் சோம்பல் பட்டால், பாப்பா இல்லாமல் பூங்காவுக்குப் போகப் பிடிக்கவில்லை. பின்னங்காலைத் தாங்கித் தாங்கி வைத்தால், மாடிப்படியில் பாப்பாவின் காலடி கேட்கிறதா என்று தயங்குகிறது. வீட்டிலேயே குளிர்ச்சியான தரை உன் அறை வாசல்தான், உடம்பு கொதிக்கிற எந்தப் பிராணியும் அங்கேதான் போய்ப் படுக்கும் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை. தாடைக்குக் கீழே இரண்டு பக்கமும் கோலிக்குண்டு அளவில் கட்டி தட்டுப்பட்டது, கன்னம் கொஞ்சம் சதை போட்டிருக்கிறது என்று நினைத்தேன், சாப்பிடாத நாய்க்குக் கன்னத்தில் மட்டும் எப்படிச் சதை போடும் என்று யோசிக்கிற நிதானம் இல்லை. கண் ஓரத்தில் ஈரம் வடிந்தது. உன் அப்பா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்டத்தில் போய்ப் படம் எடுத்து, "அழுவுது பாரு" என்று உனக்கு அனுப்பினார். அதைப் பார்த்து நீ அழுது, நீ அழுவதைப் பார்த்து அவர் அழுது, பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்ததுதான் மிச்சம். பிறகு நீ முன்பு அனுப்பிய குரல் செய்திகளை ஒவ்வொன்றாக அதன் காதருகில் போட்டுக் காட்டினார். அதில் பாதி, அப்பா மின்சாரக் கட்டணம் கட்டியாச்சா என்று நீ அவரை விரட்டியவை. மானேஜர் ஒரு காதைத் தூக்கிவிட்டுத் திரும்பப் போட்டது. இந்த நேரத்தில்தான் மேல்வீட்டுக்காரர், எதற்கும் ஒரு முன்னுதாரணம் கைவசம் வைத்திருக்கிற அந்த ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, தன் சகலை வீட்டு நாய் பத்தொன்பது நாள் பட்டினி கிடந்த கதையைச் சொல்லி, "உடுத்துன துணி ஒண்ணு வரவழைங்க, துவைக்காததா இருக்கணும்" என்று வைத்தியமும் சொன்னார். நீயும் மூன்று நாள் அலுவலகத்துக்குப் போட்ட சட்டையை அப்படியே கூரியரில் அனுப்பினாய். அழுக்குத் துணி கடல் தாண்டி வந்தது நம் குடும்பத்தில் இதுதான் முதல் தடவை.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்கு இதெல்லாம் பிடித்திருந்தது. என்னால் சொல்ல முடியாததை அது சொல்லிக்கொண்டிருந்தது. "இன்னைக்கும் உன் ரூம் வாசல்லயே கெடக்குது" என்று நான் சொன்னதும் உன் முகம் வாடும், அது வாடுவதைப் பார்த்து எனக்குள் ஒரு திருப்தி. பெற்றவள் எழுதக் கூடாத வாக்கியம்தான், எழுதிவிட்டேன், அடிக்கப் போவதில்லை. பதினேழாம் நாள் உன் அப்பா, "எதுக்கும் டாக்டர்கிட்ட ஒரு தடவ காட்டிடலாமா" என்று இழுத்தார். "பாசத்துக்கு எங்க ஊசி போடறாங்க" என்று அவர் வாயை அடைத்தவள் நான். அவரும் உடனே அடங்கிவிட்டார், லிஃப்ட் பழுது பார்க்கிறவருக்கு இத்தனை வருடத்தில் என்னோடு வாதாடக் கூடாது என்கிற ஒரு பாடமாவது ஏறியிருக்கிறது.

உண்ணி இருக்கிறதா என்று நான் பார்க்காமலும் இல்லை, அந்தப் பழி வேண்டாம். பதினைந்தாம் நாளே பார்த்தேன். சட்டைத் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடமாகச் செக்கிங் மேஜையில் நிற்கிறவள், நூல் பிசிறோ, விட்டுப்போன தையலோ, எண்ணெய்க் கறையோ என்னைத் தாண்டிப் போகாது, கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்க்கிறவள் என்று சூப்பர்வைசரே சொல்வார். மானேஜரைக் கூடத்து விளக்குக்கு அடியில் நிறுத்தி, சட்டையைப் பார்க்கிற வரிசையிலேயே பார்த்தேன். தோளில் தொடங்கி முதுகு, இரண்டு விலா, அக்குள், வயிறு, நாலு கால், விரல் இடுக்கு, வால் நுனி வரை. ஒன்றும் இல்லை. வயிற்றில் சிவப்பாகப் புள்ளி புள்ளியாக இருந்ததைக் கொசுக்கடி என்று தள்ளிவிட்டு, பாஸ் என்று உன் அப்பாவிடம் சொன்னேன். நான் எங்கே தவறினேன் என்று எங்கள் தொழிற்சாலையில் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். எங்கள் வரிசையில் காலர் பக்கத்து மேஜையின் வேலை. அங்கே ஒருத்தி காலரை மட்டும் பார்த்து நீலப் பொட்டு ஒட்டித் தள்ளுவாள், எனக்கு வரும்போது சட்டை என்பது தோளில்தான் தொடங்கும். இத்தனை வருடத்தில் என் கை காலர் பக்கம் போனதே இல்லை, வீட்டில் உன் அப்பாவின் சட்டையைத் துவைக்கும்போதுகூடக் காலரை அவரையே தேய்க்கச் சொல்லிவிடுவேன், உனக்குத் தெரியும். அதனால் மானேஜரின் கழுத்துப் பட்டையை நான் கழற்றவில்லை, அடியில் விரலை விட்டுப் பார்க்கவில்லை. காலருக்கு மேலே ஒரு தலை இருக்கும், அந்தத் தலைக்கு இரண்டு காது இருக்கும் என்பதெல்லாம் செக்கிங் மேஜையில் கற்றுக்கொடுப்பது கிடையாது. உண்ணிக்கு யார் போய்ச் சொன்னார்களோ தெரியவில்லை, சரியாகப் பக்கத்து மேஜைக்காரியின் எல்லையில் போய்க் குடியிருந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் உன் சட்டை வந்தது. உன் அப்பா வாசலிலேயே கையெழுத்துப் போட்டு வாங்கி, கத்தரிக்கோலைக்கூடத் தேடாமல் பல்லால் உறையைக் கிழித்து, உன் அறை வாசலில் விரித்தார். மானேஜர் மோந்து பார்த்தது, இரண்டு சுற்றுச் சுற்றியது, அதன் மேலேயே படுத்துக் கண்ணை மூடிக்கொண்டது. அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுத்தான் நீ முதல் தடவையாக வந்துவிடுகிறேன் என்று சொன்னாய், எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மறுநாள் சனிக்கிழமை, உன் அப்பா சீக்கிரமே ஒரு லிஃப்ட் நின்றுவிட்டது என்று போய்விட்டார். நான் வேலைக்குக் கிளம்பும் முன் உன் சட்டையை உதறிப் போடலாம் என்று எடுத்தேன். சட்டை கைக்கு வந்தால் நான் பொத்தானை எண்ணுவேன், எண்ணாமல் கீழே வைக்க எனக்குத் தெரியாது. முன்பக்கம் ஏழு இருக்க வேண்டும், எட்டு இருந்தது. பொத்தான் பட்டியின் ஓரத்தில், கீழ் மடிப்புக்குச் சற்று மேலே, சாம்பல் நிறத்தில் மொழுமொழுவென்று ஒன்று கூடுதலாக இருந்தது. அந்த ஊர்ச் செக்கிங் மேஜையில் எவளோ தூங்கிவிட்டாள் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே நகத்தால் நெருடினேன். அந்தப் பொத்தானுக்குக் கால் இருந்தது.

மானேஜரின் கழுத்துப் பட்டையைக் கழற்றினேன். அடியில் ஒன்பது, காதுகளுக்குள் ஐந்து, ஒன்றிரண்டு பயறு அளவு, மற்றவை எள்ளளவு. இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்து ஸ்பிரிட் பாட்டிலில் போட்டேன். அது அசையாமல் காட்டிக்கொண்டு நின்றது, அவ்வளவு பெரிய உடம்பு சூடாக என் முழங்காலில் சாய்ந்தது. எனக்கு ஒன்றும் தெரியாமல் இல்லை, சின்னு. உண்ணி கடித்தால் காய்ச்சல் வரும், ரத்தத்தில் இறங்கும் என்பது தெரியும், எங்கள் சூப்பர்வைசரின் நாய் போன வருடம் அதில்தான் செத்தது, மூன்று நாள் அவர் யாரையும் திட்டாததால்தான் எங்களுக்கே விஷயம் தெரிய வந்தது. அன்று சாயங்காலம் நீ கூப்பிட்டாய். இந்தக் கடிதமே இந்த இடத்துக்காகத்தான். நீ, "எப்படிம்மா இருக்கு" என்றாய். நான், "உன் சட்டைய விட்டு நகரவே இல்லடி" என்றேன். ஸ்பிரிட் பாட்டில் எனக்குப் பின்னால் அலமாரியில் இருந்தது, நான் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்திருந்தால் உனக்கே தெரிந்திருக்கும். நீ, "ஆபீஸ்ல இன்னும் சொல்லல, ஆனா முடிவு பண்ணிட்டேம்மா" என்றாய். டாக்டரிடம் காட்டி இது உண்ணியால் வந்தது என்று ஆகிவிட்டால் நீ எதற்காக வருவாய், மாத்திரை கொடுத்தால் தீருகிற ஒன்றுக்காக யாராவது வேலையை விடுவார்களா, இதுதான் என் மனதில் ஓடியது. உண்ணியைத்தான் எடுத்தாகிவிட்டதே, இனி தானாகத் தேறிவிடும் என்று எனக்கு நானே சப்பைக்கட்டு கட்டிக்கொண்டேன். உன் அப்பாவிடமும் மூச்சு விடவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் நீ கூப்பிட்டாய், அதே பொய்யை இன்னும் கொஞ்சம் மெருகு போட்டுச் சொன்னேன். பழுது என்று தெரிந்தே ஒரு சட்டையை இதுவரை நான் பாஸ் போட்டதில்லை.

திங்கட்கிழமை காலை ஏழரை மணிக்கு மானேஜர் தும்மியது. தும்மிய இடத்தில் ரத்தம். மூக்கின் ஒரு பக்கத்திலிருந்து சொட்டிக்கொண்டே இருந்தது, துடைக்கத் துடைக்க நிற்கவில்லை. அன்றைக்குப் பார்த்து நம் கட்டட லிஃப்ட் வேலை செய்யவில்லை, ஊர் லிஃப்டையெல்லாம் சரி செய்கிற மனிதர், முட்டி வலியோடு அதை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நாலு மாடி இறங்கினார். ஒவ்வொரு திருப்பத்திலும், "ஒண்ணும் இல்லடா, பாப்பா வந்துடும், வந்துடும்" என்று அதற்குச் சமாதானம் சொல்லிக்கொண்டே இறங்கினார். நான் துண்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன். டாக்டர் உன் வயதுப் பெண், பேச்சு கணக்கு டீச்சர் மாதிரி கறாராக இருக்கும். உதட்டைத் தூக்கி ஈறைக் கட்டை விரலால் அழுத்திக் காட்டினாள், வெளுத்துக் காகிதம் மாதிரி இருந்தது. காய்ச்சல் நூற்று நாலு. நான் கொசுக்கடி என்று பாஸ் போட்ட சிவப்புப் புள்ளிகள் எல்லாம் தோலுக்கு அடியில் ரத்தம் கசிந்த இடங்களாம். ரத்தம் உறையச் செய்கிற தட்டணு இரண்டு லட்சமாவது இருக்க வேண்டிய இடத்தில் பத்தொன்பதாயிரம்தான் இருந்தது. உன் அப்பா தயங்கித் தயங்கி, அது பெண்ணுக்காக ஏங்குவதாகச் சொல்லி, அந்தக் கண்ணீர்ப் படத்தையும் எடுத்துக் காட்டினார். அவள் பார்த்துவிட்டு, "இது கண்ணீர் இல்ல சார், பீள" என்றாள். பிறகு பாவம் பார்த்தவள் போல, "நாய்க்கு ஏக்கம் வராதுன்னு சொல்லல. ஆனா ஏக்கத்துல நூத்தி நாலு டிகிரி அடிக்காது" என்றாள். அவர் படத்தை மூடிப் பையில் போட்டுக்கொண்டார்.

பொழைச்சுடுமா என்று கேட்டேன். "ரெண்டு நாள் போகணும், இப்ப எதுவும் சொல்ல முடியாது" என்றாள். அட்டையில் எழுதிக்கொண்டே, "உண்ணிய எப்ப பாத்தீங்க" என்று கேட்டாள். உன் அப்பா என்னைப் பார்த்தார், அவருக்கு உண்ணி என்ற சொல்லே அப்போதுதான் அறிமுகம். "இன்னைக்குக் காலையிலதான்" என்றேன். அவள் அதை அப்படியே அட்டையில் எழுதினாள். எனக்கு மனம் கேட்காமல், ரெண்டு நாள் முன்னாடி வந்திருந்தா என்று இழுத்தேன். "மூக்குல ரத்தம் வர்ற அளவுக்கு விட்டிருக்க வேண்டாம்" என்று சொல்லிவிட்டு ஊசியை எடுக்கப் போய்விட்டாள். அந்த அட்டை இப்போது நம் வீட்டுக் குளிர்பெட்டிக் கதவில் காந்தத்தில் தொங்குகிறது, தினமும் மாத்திரை கொடுக்கும்போது என் பொய்யை டாக்டரின் கையெழுத்தில் படிக்கிறேன்.

இரண்டு நாள் அங்கேயே வைத்துக் குளுக்கோஸ் ஏற்றினார்கள். நான் தொழிற்சாலைக்கு விடுமுறை சொல்லிவிட்டு அந்தக் கூண்டுக்கு எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். மானேஜர் என்னைச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தது. நான் பொறுக்க முடியாமல் அதனிடம் எல்லாவற்றையும் சொன்னேன், சனிக்கிழமை, பாட்டில், உன் போன், எல்லாம். பக்கத்தில் பூனைக்காகக் காத்திருந்த அம்மாள் இடத்தை மாற்றிக்கொண்டு போய் உட்கார்ந்தாள். புதன்கிழமை காலையில் அது டாக்டர் கையிலிருந்து ஒரு பிஸ்கட் வாங்கிச் சாப்பிட்டது, பிறகு டாக்டரின் பேனா மூடியையும். நான் அங்கேயே அழுதுவிட்டேன், அதை உன் அத்தைக்குச் சொல்ல வேண்டாம். உன்னிடம் லேசான காய்ச்சல்தான், சரியாகிவிட்டது என்று இரண்டு வரியில் முடித்தோம், நீ அதையும் ஏக்கத்தால் வந்த காய்ச்சல் என்று எடுத்துக்கொண்டாய், நான் திருத்தவில்லை. மாத்திரை மொத்தம் இருபத்தெட்டு நாள், நாளைக்குப் பாதி முடிகிறது, நேற்றைய ரத்தத்தில் தட்டணு இரண்டு லட்சத்துப் பத்தாயிரம். நடுவில் தேறிவிட்டது என்று நிறுத்தினால் ஒளிந்திருந்து திரும்ப வருமாம்.

முந்தாநாள் உன் அப்பாவிடம் சொல்லிவிட்டேன். அவித்த முட்டைக்குள் மாத்திரையை ஒளித்துக்கொண்டிருந்தார். கை அப்படியே நின்றது. "ரெண்டு நாளா" என்று மட்டும் கேட்டார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். முட்டையை ஊட்டிவிட்டு, கையைக் கழுவி, துடைத்து, வந்து உட்கார்ந்து, "நான் மட்டும் என்ன. டாக்டர்கிட்ட போலாமான்னு கேட்டேன், நீ வேணாம்னதும் நிம்மதியா இருந்துச்சு" என்றார். இப்படி இரண்டு பெரிய மனிதர்கள் சேர்ந்து ஒரு வாயில்லாப் பிராணியை உன்னிடம் தூது அனுப்பியிருக்கிறோம்.

வார விடுமுறையில் அலுவலகத்துக்காரர்களோடு புல்வெளியில் நடக்கப் போகிறேன் என்றாயே, காலுறைக்குள் கால்சட்டையைச் செருகிக்கொண்டு போ, அழகு பார்க்காதே. வந்ததும் முழங்காலுக்குப் பின்னால், அக்குள், காதுக்குப் பின்னால், தலைமுடிக்குள் எல்லாம் பார். கடித்திருந்தால் நெருப்புக் குச்சி காட்டுவது, எண்ணெய் விடுவது, விரலால் நசுக்குவது ஒன்றும் வேண்டாம், இடுக்கியைத் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுத்தால் வந்துவிடும். நாலு நாள் கழித்துக் காய்ச்சலோ தடிப்போ வந்தால் டாக்டரிடம் போய்க் கடித்த தேதியைச் சரியாகச் சொல், இந்த விஷயத்தில் அம்மாவைப் போல் இராதே. உன் அறைத்தோழி நாய்க்குட்டி வாங்கப் போகிறாள் என்றாய், அவளிடமும் சொல், ஒரு நாள் சாப்பிடாவிட்டால் பார்க்கலாம், இரண்டாம் நாள் கவிதை எழுதிக்கொண்டிருக்கக் கூடாது. குளியலறைக் குழாய் இன்னும் ஒழுகுகிறது, உன் அப்பா இதோ அதோ என்கிறார். தொழிற்சாலையில் பொத்தான் எண்ண ஒரு இயந்திரம் கொண்டுவந்திருக்கிறார்கள், இரண்டு தடவை என்னிடம் தோற்றுவிட்டது. மேல்வீட்டுக்காரர், சட்டை வந்ததால்தான் நாய் பிழைத்தது என்று கட்டடம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறார், அதில் பாதி உண்மை இருப்பதால் மறுக்கவும் முடியவில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். குணமானதிலிருந்து மானேஜர் உன் அறைப் பக்கம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. சமையலறைதான் அதற்கு அலுவலகம், உன் குரல் போனில் கேட்டால்கூடத் தட்டிலிருந்து தலையைத் தூக்குவதில்லை. வருத்தப்படாதே, அது உன்மேல் வைத்திருந்த அன்பு அப்படியே இருக்கும், வந்து நின்றால் மேலே விழுந்து நக்கும், ஆனால் நீ இல்லை என்று அது நோயாகப் படுக்கவில்லை. நீ போனதிலிருந்து இந்த வீட்டில் ஒருத்திக்குச் சோறு சரியாக இறங்கவில்லை என்பது மட்டும் உண்மை. மத்தியானம் வேலையிலிருந்து வந்தால் உன் அறைக் கட்டிலில் போய் உட்கார்ந்துகொள்கிறேன், ஒன்றும் செய்வதில்லை, சும்மா உட்கார்ந்திருக்கிறேன். நீ இல்லாமல் எனக்கு முடியவில்லை, சின்னு. விமான நிலையத்தில் சொல்லியிருக்க வேண்டியது, நாயைக் கொண்டு சொல்ல வைக்கப் போய் அதைச் சாகக் கொடுக்கப் பார்த்தேன். இப்போது என் வாயாலேயே சொல்லிவிட்டேன், இதைக் கேட்டுவிட்டு நீ வர வேண்டும் என்று அர்த்தம் இல்லை. இது வியாதி இல்லை, இதற்கு நீ மருந்தும் இல்லை. அந்த வேலை உனக்குப் பிடித்திருக்கிறதா, அந்த ஊர் பிடித்திருக்கிறதா, அதை மட்டும் பார். பிடித்திருந்தால் போடு கையெழுத்தை. பிடிக்காவிட்டால் வா, கதவு திறந்திருக்கும், ஆனால் அப்போது உனக்காக வா.

நீ எங்கே இருந்தாலும் உடம்பும் மனசும் நோகாமல், தலை நிமிர்ந்து, நாலு பேர் மெச்ச நன்றாக இருக்க வேண்டும் என்று அப்பாவும் நானும் மனதார வாழ்த்துகிறோம். தேதி மறந்துவிடாதே, முப்பதாம் தேதிக்குள். முடிவு எதுவானாலும் அன்றைக்கே எனக்குப் போன் பண்ணு. கையெழுத்துப் போட்டுவிட்டேன் என்று நீ சொன்னால் நான் அழுவேன், முகத்தைத் திருப்பிக்கொள்ள மாட்டேன், நீ போனை வைத்துவிடாமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிரு.

அன்புடன்,
உன் அம்மா